அம்பை வரைந்தது யார்?

மீன்களின் வலசையைக் காட்டும் வரைபடங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு கரையில் புறப்படும் அம்புக்குறி மறுகரையில் போய் முடியும். பார்த்தவுடன் மனத்தில் பதிந்துவிடும் படம் அது. ஆனால் அந்த அம்பை வரைந்தது மீனா, மீனவரா? இந்தக் கேள்வியைப் பாடநூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

அட்லாண்டிக் மாக்கடலின் நீலத்துடுப்புச் சூரையை எடுத்துக்கொள்வோம். 1920-களில் இத்தாலிய அறிஞர் மாசிமோ செல்லா, பிடிபட்ட சூரைகளின் உடலில் சிக்கியிருந்த பழைய தூண்டில் முட்களை ஆராய்ந்தார். வட்டாரத்துக்கு வட்டாரம் முள்ளின் வகை மாறுபட்டதால், மீன் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிந்தது. 1954-இல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் ஆய்வு நிலையத்தில் பிராங்க் மாதர், எண் பொறித்த அடையாளச் சீட்டுகளை மீன்களில் குத்தி விடும் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் அம்மீனைப் பிடிப்பவர் சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். எளிய முறைதான், ஆனால் சூரை மாக்கடலையே கடக்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது.

இம்முறையின் குறை என்ன? சீட்டு நமக்குத் தருவது இரண்டு இடங்கள், இரண்டு தேதிகள் மட்டுமே. இடையில் மீன் சென்ற வழியை அது சொல்லாது. மீன்பிடிப்பு நடவாத இடத்திலிருந்து சீட்டு திரும்பாது. பிடித்தவர் அதைக் கவனியாமல் விட்டாலும் திரும்பாது. ஆகவே, சீட்டு வராததால் மீனும் அங்கே போகவில்லை என்று முடிவு செய்வது தவறு.

இதை மறந்தால் நேரும் விளைவு சிறியதன்று. 1980-களின் தொடக்கத்தில், அட்லாண்டிக் சூரைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் மேற்கு 45 பாகைத் தீர்க்கரேகையை எல்லையாகக் கொண்டது. மெக்சிகோ வளைகுடாவில் முட்டையிடுபவை மேற்குக் கூட்டம். மத்தியதரைக் கடலில் முட்டையிடுபவை கிழக்குக் கூட்டம். எல்லையின் இரு பக்கத்துக்கும் தனித்தனிப் பிடிப்பு விதிகள் வந்தன.

1996 முதல் பார்பரா பிளாக்கும் அவருடைய குழுவினரும் சூரைகளில் மின்னணுக் கருவிகளைப் பொருத்தினர். இவை ஒளி, ஆழம், வெப்பநிலை ஆகியவற்றைப் பதிவு செய்கின்றன. மீன் இருந்த இடத்தின் நண்பகல் நேரம் தீர்க்கரேகையைத் தரும். பகலின் நீளம் அட்சரேகையைத் தரும். ஒருவகைக் கருவி குறித்த நாளில் தானே கழன்று மிதந்து, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும்.

2005-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த முடிவுகள் கோட்டின் வலிமையைக் குலைத்தன. மேற்கில் கருவி பொருத்திய சூரைகள் பல எல்லையைக் கடந்திருந்தன. சில மத்தியதரைக் கடலுக்கே சென்றிருந்தன. இரை தேடும் இடங்களில் இரு கூட்டங்களும் கலக்கின்றன. முட்டையிடும் காலத்தில் பிரிகின்றன.

இப்போது எண்ணிப் பாருங்கள். அமெரிக்கக் கரையில் பிடிபடும் கிழக்கு மீன்களையும் மேற்கு மீன்களாகக் கணக்கிட்டால், சிறிய மேற்குக் கூட்டம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். ஏட்டில் நிறைந்திருக்கும் கூட்டம் கடலில் மெலிந்துகொண்டிருக்கலாம்!

அப்படியானால் மின்னணுக் கருவி குறையற்ற சாட்சியா? அதுவும் இல்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களில், உலகெங்கும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் நாட்களை ஒட்டி, பகலின் நீளத்தால் அட்சரேகையைக் கணிக்க இயலாது. எங்கே கருவி பொருத்துகிறோமோ, அங்கே வரும் மீன்களின் கதையே நமக்குக் கிடைக்கும். எனவேதான் வேறு சாட்சிகளும் வேண்டும். மீனின் செவிக்கல்லில் உள்ள ஐசோடோப்புகள் அது பிறந்த கடலைக் காட்டிக்கொடுக்கின்றன. இரு கூட்டங்களின் கலப்பை 2008-இல் வெளியான அத்தகைய ஆய்வு உறுதி செய்தது. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு, வளைகுடா நீரோட்டத்துக்கும் அமெரிக்க வடகிழக்குக் கண்டத்திட்டுக்கும் இடைப்பட்ட கடலில் சூரையின் இளங்குஞ்சுகளைக் கண்டது. இரண்டே முட்டையிடும் களங்கள் என்ற கருத்தும் ஆட்டம் கண்டது.

இரு கூட்டங்களின் கலப்பையும் கருத்தில் கொண்ட பிடிப்பு நெறிமுறையை ஆணையம் 2022-இல் ஏற்றது. கோடு அழியவில்லை, ஆனால் அதைச் சுவராக எண்ணும் போக்கு தளர்ந்தது. இது வரவேற்கத்தக்கது.

இனி வரைபடத்தில் ஓர் அம்பைக் கண்டால், சில கேள்விகள் கேளுங்கள். எத்தனை மீன்களைக் கொண்டு வரைந்தது? அவற்றுக்கு எங்கே அடையாளமிட்டார்கள்? எந்த மாதங்களில்? திரும்பி வராதவை எத்தனை? இவற்றுக்கு விடை தராத அம்பு, அழகான படம், அறிவியல் ஆகாது.