மடித்துக் கட்டிய வேட்டியும் திறந்து விட்ட கோட்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் கோட்டுப் போட்ட இரண்டு பேரை எந்நாளும் பார்க்கலாம். ஒருவர் பென்னிகுயிக். 1895-இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்து இந்த மண்ணுக்குத் தண்ணீர் திருப்பியவர். கூடலூர், கம்பம் பக்கம் வீட்டுச் சுவர்களில் சாமி படங்களோடு அவர் படமும் இருக்கும். லோயர் கேம்ப்பில் 2013 முதல் அவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது. இன்னொருவர் நீலக் கோட்டில் நிற்கும் அம்பேத்கர். ஒரு கோட்டு நன்றிக்கு உரியது, மற்றது தன்மானத்துக்கு. இப்படி இரண்டு பெரிய அர்த்தங்கள் ஏறிய உடுப்பு என்பதாலோ என்னவோ, சாதாரண மனிதன் ஒருவன் சாயங்காலம் கோட்டுப் போட்டுக்கொண்டு கடைவீதிக்கு வந்தால், "என்னப்பா, வீட்ல ஏதும் விசேஷமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

விசேஷம் ஒன்றே ஒன்றுதான்: கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை மேடையில் மூன்று மணி நேரம் வியர்க்க வியர்க்க நிற்கிறார். மறுநாள் அந்தக் கோட்டு பீரோவுக்குள் போகிறது. பிறகு அது வெளியே வருவதே இல்லை. நல்ல துணி, நல்ல தையல், கொடுத்த கூலி எல்லாம் ஒரு ராத்திரியோடு முடிந்துபோகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். கோட்டு மேடைக்கான வேஷம் அல்ல. உடம்போடு பழகப் பழக அழகு கூடும் உடுப்பு அது.

கோட்டை இயல்பாகப் போடுவது நமக்குப் புதிதும் அல்ல. பாரதியை நினைத்தால் வேட்டியும் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் சேர்ந்தேதான் கண்ணுக்கு வருகின்றன. இலங்கைத் தோட்டங்களில் அந்தக் காலத்துப் பெரிய கங்காணியின் தோரணையாக இருந்ததும் வேட்டிக்கு மேல் போட்ட கோட்டுதான். இன்றைக்கும் பனிக்காலத்தில் போடிமெட்டுக்கோ மேகமலைக்கோ விடியற்காலை போய்ப் பாருங்கள். கைலிக்கு மேல் பழைய கோட்டு, காதை மூடிய துண்டு, கையில் டீ கிளாஸ் என்று நிற்கும் பெரியவர் கண்ணில் படுவார். முழங்கை தேய்ந்திருக்கும், பை தொங்கியிருக்கும், பொத்தான் ஒன்று குறையும். ஆனாலும் வரவேற்பு மேடை மாப்பிள்ளைக்கு வாய்க்காத ஓர் அமைதி அவரிடம் இருக்கிறது. அவர் கோட்டைச் சுமக்கவில்லை, போட்டிருக்கிறார். சூட்டைச் சாதாரணமாகப் போடும் கலைக்கு அடிப்படை இவ்வளவுதான்.

வெயில் ஊருக்குக் கோட்டு ஒத்துவராது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். இத்தாலியின் நேப்பிள்ஸும் வெயில் ஊர்தான். 1930-களில் அங்கே ரூபினாச்சி என்பவரின் தையல் கடையில் வேலை பார்த்த வின்சென்சோ அத்தோலீனி என்ற தையற்கலைஞர், விறைப்பான ஆங்கிலேயக் கோட்டிலிருந்து தோள் பஞ்சையும் உள்துணியையும் கழற்றி எறிந்தார். மிஞ்சியது சட்டை போல உடம்பில் விழும் கோட்டு. உலகம் முழுக்க இன்று சூட்டை லேசாகப் போடுகிறவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

அதனால் முதல் கவனம் தோளில் இருக்கட்டும். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் இரவல் வாங்கியது போலத் தெரியும். அளவு கொடுக்கும்போதே டெய்லரிடம் சொல்லிவிடுங்கள்: தோளுக்குப் பேட் வேண்டாம், முதுகில் பாதிக்கு மேல் லைனிங் வேண்டாம், மார்புக்குப் பசை வைத்து ஒட்டிய கேன்வாஸ் வேண்டாம், தைத்த கேன்வாஸ் போதும். ஒட்டியது அட்டை போல விறைத்து நிற்கும். தைத்தது நாள்பட உங்கள் மார்பின் வளைவைக் கற்றுக்கொள்ளும். துணி லினனாகவோ பருத்தியாகவோ இருக்கட்டும். பளபளக்கும் பாலியஸ்டர் வியர்வையை உள்ளேயே அடைத்துவிடும். லினன் கசங்குமே என்பார்கள். கசங்கட்டும்! முழங்கை மடிப்பிலும் இடுப்பிலும் விழும் அந்தச் சுருக்கங்கள்தான் லினனின் அழகு. கருநீலம், காப்பிக்கொட்டை நிறம், சாம்பல் ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்தால் எந்தப் பேன்ட்டோடும் போகும்.

கோட்டுக்குள் போடச் சட்டை தேடி அலைய வேண்டாம். இந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளைச் சட்டை இல்லாத வீடு ஏது? மேல் பொத்தானைத் திறந்து விடுங்கள், டை வேண்டாம். சட்டைப் பையில் செல்போனும் ரூபாய்க் கட்டும் பிதுங்குவது நம்மூர் வழக்கம். கோட்டுப் போட்டால் அது மட்டும் ஆகாது. மார்பின் கோடே கெட்டுவிடும். புதுக் கோட்டாக இருந்தால் கைநுனியில் வெளிப்பக்கம் தைத்திருக்கும் கம்பெனித் துணியைப் பிரித்து எடுத்துவிடுங்கள். அது கடைக்காரருக்கான அடையாளம். முதுகுப் பிளவைச் சேர்த்துப் போட்டிருக்கும் பெருக்கல் குறித் தையலையும் வெட்டிவிட வேண்டும். அதை விட்டுவைத்தால் நடக்கும்போது துணி பின்னால் இழுத்துக்கொண்டே வரும். பேன்ட் செருப்பின் மேல் குவியாமல் லேசாகத் தொட்டு நின்றால் போதும்.

பொத்தானுக்கு வருகிறேன். இந்தக் கலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. இரண்டு பொத்தான் கோட்டில் கீழ்ப் பொத்தானைப் போடவே கூடாது. உட்காரும்போது மேல் பொத்தானையும் கழற்றிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் வந்தால் எழுந்து, ஒரு கையாலேயே அதைப் போட்டுக்கொண்டு வணக்கம் சொல்ல வேண்டும். நம் ஆள் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குனிந்து பார்ப்பதில்லை, குதிகாலால் விளிம்பைத் தட்டி, கையில் பிடித்து, இடுப்பில் ஒரு சுற்று. அவ்வளவுதான். எதிரே மாமனாரோ வாத்தியாரோ வந்தால் பேச்சை நிறுத்தாமலே அதை இறக்கி விடுகிறார். தளர்த்த வேண்டிய நேரமும் மரியாதை காட்ட வேண்டிய நேரமும் அவர் கைக்கே தெரியும். கோட்டுப் பொத்தான் கேட்பதும் அந்தக் கைப்பழக்கத்தைத்தான். வேட்டியில் இத்தனை லாவகம் உள்ள மனிதர் கோட்டுக்குள் போனதும் மரமாக நிற்பதற்குக் காரணம், அதை வருஷத்துக்கு ஒரு முறைகூடத் தொடாததுதான்.

ஆகவே பழக்க வேண்டும். ஜூன் பிறந்து மேற்கிலிருந்து சாரல் காற்று இறங்கும் மாதங்கள் இதற்குத் தோதானவை. வரவேற்புக் கோட்டைப் பீரோவிலிருந்து எடுங்கள். டெய்லரிடம் கொடுத்து, தோள் பேடை மெல்லிசாக மாற்றச் சொல்லுங்கள். முதுகு லைனிங்கை எடுக்கச் சொல்லுங்கள். அதோடு வந்த பேன்ட்டை விட்டுவிட்டு, நாள்தோறும் போடும் பருத்திப் பேன்ட்டோடு போடுங்கள். மனசு இருந்தால் வேட்டியோடும் போடுங்கள். கடைவீதிக்கு, நூலகத்துக்கு, நண்பர் வீட்டுக்குப் போய் வாருங்கள். என்ன விசேஷம் என்று முதல் வாரம் கேட்பார்கள். ஒன்றுமில்லை, காற்று அடிக்கிறது என்று சொல்லுங்கள். கேட்பவர்கள் ஓயும்போது அந்தக் கோட்டு உங்களுடையதாகியிருக்கும்.