பேர் வாங்கிய கானா

சாவு வீட்டில் கானா பாட வருகிறவர் முதலில் கேட்பது பேர்களைத்தான். இறந்தவர் பேர், மனைவி பேர், பிள்ளைகள் பேர், மச்சான் மாப்பிள்ளை பேர், ஹார்பரில் மூட்டை தூக்கினாரா, காசிமேட்டில் படகுக்குப் போனாரா என்கிற விவரம். டோலக் தட்டத் தொடங்கியதும் இந்தப் பேர்கள் ஒவ்வொன்றாகப் பாட்டுக்குள் வந்து விழும். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும், துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பிப் பிழைத்த தெருக்களில், பத்திரிகையில் ஒருபோதும் பேர் வராத ஒரு மனிதனின் பேரை ஊர் கேட்க உரக்கச் சொல்லும் கலையாகவே மரண கானா இருந்திருக்கிறது. பாடுகிறவர் தன் பேரைப் பின்னால் வைத்துக்கொண்டார். விடிந்ததும் டீ குடித்துவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்தக் கலையைப் பாடும் இளைஞரிடம் இன்று எல்லோரும் சொல்வது, "மொதல்ல உன்னை பிராண்டு பண்ணு". 1997 ஆகஸ்டில் அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் ஒரு வணிக இதழில் எழுதிய கட்டுரை, ஒவ்வொருவரும் தம்மையே ஒரு நிறுவனம்போல நடத்தவேண்டும் என்றது. அதற்கு முன்பே, 1981-இல் ஜார்ஜ் டோரன், இலக்கு என்றால் அளக்கக்கூடியதாகவும் கெடு வைத்ததாகவும் இருக்கவேண்டும் என்று மேலாளர்களுக்கு ஒரு சூத்திரம் எழுதித் தந்திருந்தார். அலுவலகங்களுக்காகச் செய்த இந்த இரண்டு சரக்கும் இப்போது கலைஞர்களுக்கான வகுப்புகளில் ஒரே பொட்டலமாக விற்கின்றன. பேருக்கு முன்னால் ஓர் அடைமொழி, எல்லாப் படத்திலும் ஒரே நிறம், வாரத்துக்கு மூன்று ரீல், ஆறு மாதத்தில் ஒரு லட்சம் சப்ஸ்கிரைபர்.

இதைக் கேட்டு முகம் சுளிப்பது எளிது. சபாவில் இடமும் பத்திரிகையில் விமர்சனமும் ஏற்கெனவே இருப்பவர்கள்தான் அதிகம் சுளிக்கிறார்கள். வடசென்னைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. எம்.ஆர்.எஃப். 1946-இல் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது திருவொற்றியூரில். என்ஃபீல்டு புல்லட் 1956 முதல் உருவானதும் அங்கேதான். அந்த ஆலையில் பெட்ரோல் டாங்கின்மேல் தூரிகையால் ஒரே இழுப்பில் பொன்கோடு வரைந்த ஓவியர்கள் உண்டு. வண்டியின் பேர் உலகம் சுற்றியது; கோடு இழுத்த கையின் பேர் ஆலைக்குள்ளேயே நெடுங்காலம் கிடந்தது. பேர் இல்லாமல் உழைத்தால் பேர் யாருக்குப் போகும் என்று இந்த ஊருக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

கானாவுக்கும் அதே கதை. தொண்ணூறுகளில் தேவாவின் இசையில் கானா தமிழகம் முழுக்கப் போனது. 1996-இல் 'காதல் கோட்டை'யில் அவரே பாடிய 'கவலைப்படாதே சகோதரா' ஒலிக்காத டீக்கடை இல்லை. ஆனால் அந்த மெட்டுகளின் வேர் எந்தச் சந்தில், யார் தொண்டையில் இருந்தது என்று படம் பார்த்தவர்கள் கேட்கவில்லை. 2006-இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் தானே திரையில் தோன்றி 'வாள மீனுக்கும்' பாடியபோதுதான் பாட்டோடு பாடியவரின் முகமும் சேர்ந்து வந்தது. அடுத்து வந்த பாலமுருகன், புளியந்தோப்புக்காரர், வக்கீல். தாய் தந்தையை இழந்தவர் என்பதால் 'அநாதை பாலா' என்று அறியப்பட்டவர். 2012-இல் 'அட்டகத்தி' வந்தபோது அவர் 'கானா பாலா'. இழப்பைச் சொல்லும் அடைமொழி போய், தொழிலைச் சொல்லும் அடைமொழி வந்ததை நான் குறையாகப் பார்க்கமாட்டேன். அவருக்குப் பின் கலையின் பேரையே முன்பேராக வைத்துக்கொண்ட இளைஞர்கள் வரிசையாக வந்தார்கள். யூடியூபில் தேடினால் அந்தப் பட்டியல் முடியாது. பேர் வைத்துக்கொள்வது இங்கே பகட்டு மட்டுமில்லை, உரிமைக் கோரலும்கூட.

இதை மிகத் தெளிவாகத் திட்டமிட்டுச் செய்தவர்கள் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவினர். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் கூட்டிய பத்தொன்பது பேர், 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் மேடையேறினார்கள். குழுவின் பேர், சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லாட்சியிலிருந்து வந்தது. உடை கோட்டும் சூட்டும். லுங்கியும் கர்ச்சீப்புமாகவே கானாவைக் காட்டிப் பழகிய சினிமாவுக்கு அம்பேத்கரின் உடையில் சொன்ன பதில் அது. பிராண்டு என்று இதைச் சொன்னால் அவர்களில் சிலருக்குக் கோபம் வரலாம். ஆனால் பேர், உடை, இசை, மேடை எல்லாம் ஒரே செய்தியைச் சொல்லும்படி அமைப்பதுதானே பிராண்டுக்காரர்கள் சொல்வதும்? ஒரே வித்தியாசம், இந்த அடையாளம் பத்தொன்பது பேருக்கும் பொது.

அந்த மேடையில் இருந்த ஒரே பெண் இராயபுரத்து இசைவாணி. 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பேர் வந்தது. ஆண்களே நின்ற இடத்தில் ஒரு பெண் வந்து நின்றதற்கு அந்த மதிப்பு தகும். ஆனால் அவருக்குச் சூட்டிய 'முதல் பெண் கானா பாடகி' என்ற பட்டத்தில் எனக்கு ஓர் உறுத்தல். அதே சாவு வீட்டில், அதே பாடைக்குப் பக்கத்தில், மாரில் அடித்து ஒப்பாரி வைத்த கிழவிகளும் இறந்தவர் பேரைச் சொல்லித்தான் பாடினார்கள். 'முதல்' என்ற ஒட்டுச்சீட்டு பேட்டிகளைக் கொண்டுவரும். பின்னால் நிற்கிற வரிசையைப் படத்திலிருந்து வெட்டியும் விடும்.

2024 நவம்பரில் வேறொன்றும் நடந்தது. சபரிமலைத் தீர்ப்பு வந்த 2018-ஐ ஒட்டி அந்தக் குழு உருவாக்கி இசைவாணி பாடிய 'ஐ அம் சாரி ஐயப்பா' பாடலை, பல வருடம் கழித்து, மாலை போடும் பருவத்தில் யாரோ தோண்டியெடுத்துப் பரப்பினார்கள். புகார்கள் குவிந்தன, மிரட்டல்கள் வந்தன. பாட்டு குழுவுடையது என்று நீலம் அறிக்கை விட்டது. ஆனால் வசை முழுக்க ஒரு பெண்ணின் முகத்தையும் கைபேசியையும் தேடிப் போனது. ஒரு கருத்துக்கு ஒற்றை முகம் கொடுத்தால் பாராட்டு அந்த முகத்துக்கு வரும். கல்லும் அங்கேதான் வரும். பயிலரங்குகளில் இந்தப் பாடத்தை நடத்துவதில்லை. துறைமுகக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பின்னால் வக்கீலும் காவலும் பணமும் தயாராக நிற்பதில்லை.

பேர் வந்தால் காசு வரும் என்பதும் தானாக நடப்பதில்லை. இதற்கு வடசென்னையிலிருந்து சற்று வெளியே போகவேண்டும், ஆனால் ஆள் அதே குழுவில் பாடியவர். அரக்கோணத்து அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் மாஜ்ஜா நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதை. யூடியூபில் நாற்பது கோடிப் பார்வைகளுக்கு மேல் போன பாடல். அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகே அறிவுக்கென ஒரு மின்அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாடல் அவர் இல்லாமல் ஒலித்தது. யார் எதைச் செய்தார்கள் என்று அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் வெளிப்படையாக வாதிட்டுக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று காணொளியில் சொன்னார். நிறுவனம் தன் தரப்பை வேறாகச் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பிராண்டுப் பயிற்சி கேட்கும் அத்தனையும் இந்தப் பாட்டுக்கு வாய்த்திருந்தது: அடையாளம், தனித்த குரல், கதை, கோடிப் பார்வை. சண்டை வந்ததோ இவை எதிலும் இல்லை, யார் பங்கு எவ்வளவு என்பதில்.

இலக்கு விவகாரம் இதைவிட மோசம். எண்ணிக்கை இலக்கு மனிதரை ஓடவைக்கும் என்று உளவியலாளர் எட்வின் லாக் 1968-இலிருந்தே காட்டிவந்தார், அது உண்மையும்கூட. ஓடுகிற திசையைப் பற்றி, 2009-இல் நான்கு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையில் எச்சரித்தார்கள்: குறுகிய இலக்கு கொடுத்தால் அதற்கு வெளியே உள்ளதெல்லாம் கண்ணில் படாது, குறுக்குவழியும் நேர்மைக்கேடும் பெருகும். கானா யூடியூபில் இதற்குச் சான்று தேடி அலையவேண்டாம். சில வருடங்களுக்கு முன், சிறுமிகளைப் பற்றிப் பாடக்கூடாததைப் பாடிய ஓர் இளைஞர், போலீஸ் கூப்பிட்ட பிறகு மன்னிப்புக் காணொளி போட்டார். அவர் பாடியதை நியாயப்படுத்த ஒன்றுமில்லை. ஆனால் பார்வைக்கணக்கை மட்டும் வைத்து ஒரு பையனை ஓடவிட்டால், அடிவயிற்றுக்குக் கீழே இறங்குவதுதான் அவனுக்குத் தெரியும் குறுக்குவழி. விடிய விடியப் பாடிய பாட்டு முப்பது விநாடியாகும்போது முதலில் உதிர்வது இறந்தவரின் பேர்கள்தான், அவை வேறு யாருக்கும் வேண்டாதவை. மிஞ்சுவது 'ஏரியா', 'கெத்து', 'கத்தி'. சினிமா பல காலமாக விற்கும் வடசென்னைச் சரக்கும் இதுவே. வாடகைக்கு வீடு தேடும்போதும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் பின்கோடைப் பார்த்து உதடு பிதுக்கும் நகரத்தில், அந்தச் சரக்கைத் தன் முத்திரையாக ஒரு கலைஞர் குத்திக்கொண்டால் தெருவே அதன் விலையைக் கொடுக்கிறது.

வேறு வகை இலக்கும் இருந்திருக்கிறது. 2017 ஜனவரியில் கபேர் வாசுகி எழுதி கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' எண்ணூர்க் கழிமுகத்திலேயே படமானது. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆக்கிரமிப்பும் கொசஸ்தலை ஆற்றின் வாயை அடைப்பதைக் காட்டுவது அதன் வேலை, பாடகரைக் காட்டுவதல்ல. நல்ல இலக்கு என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் அதையே எண்ணூர்க் குப்பத்து மீனவர் ஒருவர் பாடியிருந்தால் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? மயிலாப்பூர் மேடைகளில் பல வருடம் சேர்ந்த பேர் அங்கே கடன் கொடுத்தது. பேரே வேண்டாம் என்ற பேச்சு பேர் உள்ளவர்களுக்கே கட்டுப்படியாகிறது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து அதே கழிமுகத்தை மூடியபோது வலைகள் நாசமான மீனவர்களை எத்தனை பேருக்குப் பேர் சொல்லித் தெரியும்?

ஆக, பேர் வாங்கட்டும். வாரம் மூன்று ரீல் என்ற இலக்கை மட்டும் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்கள் பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாதபடி செய்தது; நிகழ்த்துகிறவருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்றது. அடுத்த ஆண்டே பாடகர்களுக்கென ஓர் உரிமைச் சங்கம் வந்தது. அதை மும்பையின் பெரிய குரல்கள் பயன்படுத்திக்கொண்ட அளவுக்கு தண்டையார்பேட்டை பயன்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை. சினிமா மெட்டில் வார்த்தை போட்டுப் பாடும் கானாவுக்கு இதில் சிக்கலும் உண்டு: வார்த்தை இவருடையது, மெட்டு வேறொருவருடையது. சொந்த மெட்டில் வருடத்துக்கு இரண்டு பாட்டு. சேனல்காரர் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போடுமுன் தெரிந்த வக்கீலிடம் காட்டுவது. டோலக் அடித்தவர் பேரும் கோரஸ் கொடுத்தவர் பேரும் காணொளியின் கீழே வருவது. இவையும் அளக்கக்கூடியவைதான், கெடு வைக்கக்கூடியவைதான், டோரனே ஆட்சேபிக்கமாட்டார். வக்கீலாகவும் கானா பாடகராகவும் இருக்கும் ஒருவரை இந்த ஊரே தந்திருக்கிறது. பயிலரங்குக்குக் கூப்பிட ஆள் தேடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.