ஞானத் தராசும் நமது பாராட்டும்

அப்துர் ரஹ்மான் அல்காஸினீ ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121–22) நிறைவு செய்த 'மீஸானுல் ஹிக்மா', பொருள்களின் நிறை, கனஅளவு, அடர்த்தி ஆகியவற்றை ஆராயும் நூல்களுள் தலையாயது. நம்மவர் அதனைப் போற்றும்போது, அதன் அளவீடுகள் இன்றைய அளவீடுகளோடு ஒத்துப்போகின்றன என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றனர். அப்பாராட்டு நூலுக்கு நியாயம் செய்வதாக நமக்குத் தோன்றவில்லை.

ஒழுங்கற்ற வடிவமுடைய மணியின் கனஅளவை அளவுகோலால் அறிய இயலாது. கூம்பு வடிவக் கலத்தில் நீர் நிரப்பிப் பொருளை இட்டு, வழிந்த நீரை நிறுத்தறிந்தார் அல்பிரூனீ. அம்முடிவுகளை அவர் பெயராலேயே அல்காஸினீ எடுத்தாள்கிறார். 100 மிஸ்கால் தங்கம் வெளியேற்றும் நீர் 5 மிஸ்கால், 1 தானிக், 2 தஸ்ஸூஜ். 6 தானிக் அல்லது 24 தஸ்ஸூஜ் ஒரு மிஸ்கால். ஆகவே நீரின் எடை 5.25 மிஸ்கால். வகுத்தால் தங்கத்தின் ஒப்படர்த்தி 19.05. இன்றைய அளவு 19.3. ஈயத்திற்கோ 8 மிஸ்கால், 5 தானிக், ஒப்படர்த்தி 11.32. இன்றைய அளவு 11.34. ஈயம் ஏறத்தாழ ஒத்துவர, தங்கம் சற்றே விலகுகிறது. அவ்விலகல் நீரின் எடையில் இரண்டு தஸ்ஸூஜுக்கும் குறைவே. இதனை மறைப்பதைவிடச் சொல்வதே அவ்வறிஞர்களுக்குப் பெருமை.

நூலின் மெய்யான நுட்பம் வேறிடத்தில் உள்ளது. எடையும் கனஅளவும் வெவ்வேறு இனம். அவற்றை நேரே ஒப்பிட இயலாது. நீரை நிறுப்பதால் கனஅளவும் எடையாகிவிடுகிறது. பின்னர் எடையை எடையோடு ஒப்பிடலாம். கலப்புத் தங்கத்தைக் காற்றிலும் நீரிலும் நிறுத்துக் கண்டறியும் வழி இதிலிருந்தே பிறக்கிறது. ஆயினும் இவ்வழிக்கு எல்லை உண்டு. கலந்தவை இன்ன இரண்டு உலோகங்கள் எனத் தெரிந்தால் விடை கிடைக்கும். மூன்றானால் இக்கணக்கு மட்டும் போதாது.

அல்காஸினீக்கு முன்னர் இத்தகைய தராசொன்றை அமைத்தவர் அல்அஸ்ஃபிஸாரீ. தன் மோசடி வெளிப்படும் என்றஞ்சிய கருவூலக் காப்பாளர் அதனை உடைத்தெறிந்ததாக வரலாற்றாசிரியர் பைஹகீ குறிக்கிறார். அளவை அஞ்சுவோர் அன்றும் இருந்தனர். நிறுவையில் குறைவு செய்யாதீர் என அர்ரஹ்மான் அத்தியாயம் விதிப்பது கடைவீதிக்கு மட்டுமன்று. முன்னோரைப் பற்றி எழுதுகையில் எண்களை முழுமையாகத் தருவதும், யாருடைய அளவீடு எது எனப் பிரித்துரைப்பதும் அவ்விதியுள் அடங்கும். அல்காஸினீ அதனைச் செய்தார். அவரைப் போற்றும் நாமும் செய்தாக வேண்டும்.