ஆடாதொடைக் கட்டுரைகளின் கடைசி வரி

ஆடாதொடையைப் பற்றித் தமிழில் வருகிற மூலிகைக் கட்டுரைகளை நாலைந்து சேர்த்து வாசிச்சா, எல்லாம் ஒரே அச்சு. முதலில் பெயர்க்காரணம்: ஆடு தொடாத இலை. அப்புறம் சளி, இருமல், இரைப்பு, ரத்தம் கலந்த கோழை என்று பட்டியல். இலைச்சாறும் தேனும். கடைசி வரி, "பக்கவிளைவு அறவே இல்லை." என் சண்டை அந்தக் கடைசி வரியோடதான்.

இலைக்கு வீரியம் உண்டு என்பதில் தகராறு இல்லை. அதிலுள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டை முன்மாதிரியா வச்சுத்தான் ப்ரோம்ஹெக்சின் உருவாச்சு. 1963-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. அது உடம்புக்குள் மாறும்போது உண்டாவதுதான் அம்ப்ராக்சால், இன்றைக்குப் பல சளி சிரப்புகளின் சரக்கு. கட்டுரைக்காரர்கள் இந்தச் சேதியை மட்டும் விடறதே இல்லை. ஆனால் ப்ரோம்ஹெக்சின் ஆலையில் வேறு மூலக்கூறாகச் செய்யப்படுவது, மாத்திரைக்கு 8 மில்லிகிராம் என்று அளந்து வருவது. கொல்லையில் பறிக்கிற இலையில் வாசிசின் எவ்வளவு என்பது பருவம், மண், இலையின் முற்றலைப் பொறுத்து மாறும். மாத்திரையின் சான்றிதழை இலை மேல ஒட்டுவது எப்படி நியாயம்?

அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று. இதே வாசிசின் கருப்பையைச் சுருங்கவும் வைக்கும். ஜம்முவில் இருந்த வட்டார ஆராய்ச்சிக்கூடத்தில் 1980 வாக்கில் இதை அந்த வேலைக்கான மருந்தாகவே ஆராய்ந்தார்கள். விலங்குச் சோதனைகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பது வாஸ்தவம்தான். அதுக்காகக் கர்ப்பிணிக்குக் கொடுத்துப் பார்க்க முடியுமா? சளிக்கு ஆதாரமா வாசிசினை இழுத்துட்டு வர்றவங்க, அதே வாசிசினை இந்த இடத்தில் மட்டும் மறந்துபோறாங்க.

வேடிக்கை என்னன்னா, நம்ம விவசாயிக்கு இது புதுசே இல்லை. ஆடு மாடு தின்னாத இலைகளாப் பார்த்து, நொச்சி, வேம்பு, எருக்கோடு ஆடாதொடையையும் இடிச்சு ஊறவச்சுத்தான் பூச்சிவிரட்டி செய்யறாங்க. பூச்சியை விரட்டுற இலைக்கு உடம்பில் ஒரு வேலைதான் தெரியும்னு யார் சொன்னது?

தேன் விஷயமும் அப்படித்தான். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேனே ஆகாது. பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம். ரத்தம் கலந்த கோழையை "குணமாகும்" என்று ஒரே சொல்லில் தாண்டிப் போவது இன்னும் மோசம். ரத்தம் கண்டாலும் சரி, இருமல் ரெண்டு வாரம் தாண்டினாலும் சரி, முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்றாங்க. இரைப்பு முற்றி மூச்சு வாங்கும்போது கஷாயம் கொதிக்கக் காத்திருப்பதும் சரியில்லை, இன்ஹேலர்தான்.

2020-ல் தெருத்தெருவாகக் கொடுத்த கபசுரக் குடிநீரிலும் ஆடாதொடை இலை உண்டு. நான் பார்த்த வரிசைகளில் எந்தப் பெண்ணிடமும், "மாசமா இருக்கியாம்மா?" என்று யாரும் கேட்கவில்லை.