‘இம்பாக்ட்’ என்னும் தடித்த எழுத்து

அச்செழுத்து அழகாயிருக்கிறதா என்று கேட்பார் பலர். பயன்படுகிறதா என்று கேட்பார் சிலரே. ஜெஃப்ரி லீ என்னும் ஆங்கிலேயர் வரைய, ஷெஃபீல்டு நகரத்து ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்படச்சாலையார் 1965-ஆம் ஆண்டில் ஈய அச்சாக வெளியிட்ட ‘இம்பாக்ட்’ எழுத்தைப் பாராத வாசகர் அரியர். விண்டோஸ் உள்ள கணிப்பொறிகளிலெல்லாம் அது குடியிருக்கிறது. கேலிப் படங்களின் மேலும் கீழும் கறுப்பு விளிம்புடன் வெண்மையாய் நிற்பதும் பெரும்பாலும் அதுவே.

முனைகளில் குறுங்கோடு கிடையாது. கால்கள் தூண்போற் பருத்து நெருங்கி நிற்கும். சிற்றெழுத்துக்களும் பேரெழுத்துக்களை எட்டிப் பிடிக்குமளவு உயர்ந்தவையாதலால், குறுகிய இடத்திற் பெருங்குரல் எழுப்ப வல்லது. நாலு சொல் தலைப்புக்கு அது மிகத் தக்கதென்பதே எமது அபிப்பிராயம்.

ஆனால், பருமைக்கு இடங்கொடுத்தமையால் எழுத்தின் வயிற்றிலுள்ள வெண்மை வெறுங்கீற்றாய்ச் சுருங்கிவிடுகிறது. சிறிய அளவில் அடித்தாலோ மை அடைத்தாற்போலாகி, எழுத்துக்கு எழுத்து வேற்றுமை தோன்றாது. எண்களின் கதியும் அதுவே.

தோட்டத்துக் கிராணியாகிய யான் இதனைப் பட்டறிந்தேன். சம்பள நாள் மாறிய மலாய் அறிவிப்பை முழுவதும் இம்பாக்டிலேயே அடித்து ஒட்டினேன். தலைப்பை யாவரும் கண்டனர். தேதியை எவரும் கண்டிலர். “கிராணி ஐயா, என்றைக்குச் சம்பளம்?” என்று வரிசையாய் வந்து கேட்டனர். மறுநாளே அதைக் கிழித்துவிட்டு, தலைப்பை மட்டும் தடிப்பில் நிறுத்தி, தேதியை மெல்லெழுத்தில் அடித்தொட்டினேன்.