பந்தி முடிந்த பிறகு ஒரு மணியோசை

அமுதசுரபி காவிரிக் கரையில் கிடைத்த பாத்திரம் அல்ல. வைகாசி விசாகப் பௌர்ணமியன்று மணிபல்லவத் தீவின் கோமுகிப் பொய்கையிலிருந்து மேலெழுந்து அது மணிமேகலையின் கைக்கு வந்தது என்கிறது காப்பியம். மணிபல்லவம் இன்றைய நயினாதீவுதான் என்று கருதுவோர் பலர். கடல் கடந்து புகாருக்கு வந்த அந்தப் பாத்திரம் ஆதிரை என்ற பெண்ணின் கையால் முதல் சோறு வாங்கியது. அதன் பிறகுதான் ஊர்ப் பசியை ஆற்றத் தொடங்கியது. புகாருக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் நெல்வயல் நாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆகவே சோறு கொடுப்பதை அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது எனக்கு வேடிக்கையான ஆராய்ச்சி அல்ல, என் வீட்டு விஷயம்.

இலங்கையின் சிங்களக் கிராமத்தில் ஒருவர் இறந்தால் ஏழாம் நாள், மூன்றாம் மாதம், ஓராண்டு நிறைவு என்று பிக்குகளுக்குத் தானம் தருவார்கள். சங்கம் என்று சொல்ல நான்கு பிக்குகளாவது வேண்டும். வாசலில் அவர்கள் காலைக் கழுவி, துடைத்து, உள்ளே அழைப்பார்கள். சுவரோரம் விரித்த வெள்ளைத் துணியில் அவர்கள் அமர்ந்ததும் முதல் பங்கு புத்தருக்கு. எல்லாம் உச்சிப் பொழுதுக்கு முன் முடிந்துவிட வேண்டும். சாப்பாடு ஆனபின், குடும்பத்தார் சேர்ந்து ஒரு செம்பைப் பிடித்துக் கிண்ணத்தில் நீர் ஊற்றுவார்கள். கிண்ணம் நிரம்பித் தட்டில் வழியும், பிக்குகள் ஓதுவார்கள். ஈட்டிய புண்ணியம் இப்படித்தான் செத்தவரைப் போய்ச் சேருகிறது என்பது நம்பிக்கை. தாரை வார்த்துக் கொடுத்து, திதியன்று எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நமக்கு அந்த நீர் அந்நியமே இல்லை.

அந்நியமாகத் தோன்றுவது வேறு. அங்கே யாரும் பசியைப் பற்றிப் பேசுவதில்லை. வந்தவர் பசியோடு வந்தாரா என்பது அங்கே கேள்வியே அல்ல. கொடுப்பவர் மனம் எந்த நிலையில் இருந்தது என்பதுதான் கேள்வி. கொடுக்குமுன் மகிழ்ச்சி, கொடுக்கும்போது தெளிவு, கொடுத்தபின் நிறைவு என்று மூன்று வேளைக்கும் மனத்தைச் சோதித்துக்கொள்ளச் சொல்கிறது பௌத்தம். கொடுத்து முடித்துவிட்டு, இவ்வளவு செலவாகிவிட்டதே என்று இரவில் கணக்குப் பார்த்தால் மூன்றாவது நிலை போச்சு. கிராமத்து விகாரைக்கு இன்ன நாள் இன்ன வீடு என்று முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோவதும் இதே பயிற்சிதான். மாதத்தில் அந்த ஒரு நாள் வந்தே தீரும். வீட்டில் சண்டையோ காய்ச்சலோ, விடியுமுன் அடுப்பு எரிந்தாக வேண்டும். இருபது ஆண்டு இப்படி எழுந்து சமைத்த ஒருவரின் குணம் அதில் கொஞ்சமாவது பதமாகாமல் போகாது. தானத்தை ஒழுக்கப் பயிற்சியாக இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்த மரபு நம்மிடம் இல்லை என்றே நினைக்கிறேன்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் நாமும் அந்த வட்டத்துக்குள் இருந்தவர்கள். உறையூர்க்காரரான புத்ததத்தர் அநுராதபுரம் சென்று கற்று, காவிரிப்பூம்பட்டினத்திலும் பூதமங்கலத்திலும் தங்கிப் பாலி நூல்கள் எழுதினார். முதலாம் இராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரே கொடுக்கப்பட்டது. ஆண்டுக்கு 8,900 கலத்துக்கு மேல் நெல் வருவாய். நாகப்பட்டினத்தில் மிஞ்சியிருந்த பழைய விகாரைக் கோபுரத்தை 1867-இல் இடித்தார்கள். நிலத்துக்கடியில் கிடைத்த 350-க்கும் மேற்பட்ட புத்தர் படிமங்கள் பல இடங்களுக்குப் போய்விட்டன. பா. ஜம்புலிங்கம் போன்ற ஆய்வாளர்கள் ஊர் ஊராகத் தேடியதில், வரப்போரத்திலும் கோயில் ஓரத்திலும் கல் புத்தர்கள் அகப்பட்டார்கள். ஊரார் சில இடங்களில் அவரை முனி என்றும் ரிஷி என்றும் சொல்லி விளக்கேற்றி வந்திருக்கிறார்கள்.

பிக்குகள் போய்விட்டார்கள். சோறு போடுவது போகவில்லை. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் வழியெல்லாம் சத்திரம் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி 1802-இல் தொடங்கிய ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் பேர்போனது. சத்திரங்கள் நடக்கும் விதத்தை விளக்கி 1801-இல் அவர் ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். வழிப்போக்கர் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு, நோயாளிக்கு வைத்தியர் உண்டு. அந்தக் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த செய்தி ஒன்றுதான்: நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். அடுப்பை அணைக்குமுன் கடைசிப் பசியையும் தேடிப் போகிற மணி அது. மணிமேகலை செய்ததும் இதைத்தான். பௌத்தம் மறைந்த நாட்டில் பௌத்தக் காப்பியத்தின் உயிர் இப்படித் தங்கியிருந்தது என்று சொல்வேன்.

இரண்டு பக்கமும் குறை உண்டு. எல்லாருக்கும் சோறு என்ற காவிரி டெல்டாவில் பந்தி ஒன்றாக இருக்கவில்லை; நாற்று நட்டு, அறுத்து, களத்தில் தூற்றியவர்கள்தான் கடைசியில், அதுவும் வெளியில் உட்கார்ந்தார்கள். இலங்கையிலும் சியாம் நிகாயம் என்ற பிக்குப் பிரிவு உயர்சாதியாருக்கு மட்டுமே துறவு தந்தது. அதை ஏற்காதவர்கள் பர்மா போய்த் துறவேற்று வந்து 1803-இல் அமரபுர நிகாயத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

இன்றைக்கு வெசாக் நாளில் இலங்கைத் தெருவோரங்களில் தன்சல் பந்தல்கள் நிற்கின்றன. சோறு, கடலை, மரவள்ளி, பெலிமல் என்ற வில்வப்பூத் தேநீர் எதுவானாலும் வழியில் போகிற எவருக்கும் உண்டு. வண்டியை மறித்துக்கூடக் கொடுப்பார்கள். இங்கே சித்திரை வெயிலில் நீர்மோர்ப் பந்தல், திருவிழா தோறும் அன்னதானம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பெயர். அந்த மண்ணில் நம் பழக்கமும் அவர்கள் பழக்கமும் பக்கத்துப் பக்கத்து வீடாக இருக்கின்றன. வாங்கியவர் அங்கே சிங்களத்தில் 'பின் சித்த வெனவா' என்பார். இங்கே 'புண்ணியமாப் போவும்' என்பார். ஒரே வாக்கியம்தான்.

ஆனால் நம் ஊர்ப் பந்தலில் சமீப காலமாகச் சோற்று அண்டாவை விடக் கொடுத்தவர் படம் பெரிதாக இருக்கிறது. முதல் பாக்கு மட்டைத் தட்டை நீட்டும்போது கை தட்டின்மேல், கண் கேமராவின்மேல். அங்கே உள்ள அந்த மூன்று வேளைச் சோதனையை நாம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய நேரம் இது. நாம் அவர்களுக்குத் தர வேண்டியது அந்த நள்ளிரவு மணி.

இந்த வருடம் உங்கள் ஊர் அன்னதானத்தில் பரிமாறும் பக்கம் நில்லுங்கள். கடைசிப் பந்தி எழுந்ததும், அண்டாவைக் கழுவக் கவிழ்க்குமுன், தெருமுனை வரை நடந்துபோய் இன்னும் சாப்பிடாதவங்க இருக்கீங்களா என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.