புனேயின் பொதுக் கழிப்பிடங்கள்: ஒரு மதிப்பீடு

குடிசைப் பகுதிக் கழிப்பிடத் திட்டங்களை இருக்கைக் கணக்கில் அளப்பது நம் அதிகாரிகளின் வழக்கம். ஆணையர் ரத்னாகர் கெய்க்வாட் காலத்தில், 1999இல் புனே மாநகராட்சி தொடங்கிய திட்டத்துக்கும் அப்படித்தான் பெயர் வந்தது: ஓரிரு ஆண்டுகளில் 400க்கு மேற்பட்ட கட்டடங்கள், 10,000க்கு மேற்பட்ட இருக்கைகள். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் சாதனை வடிவமைப்பில் இருக்கிறது.

கட்டுமானச் செலவு மாநகராட்சியுடையது. ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும் மகிளா மிலன் என்ற பெண்கள் குழுக்களும் பல இடங்களில் கட்டும் பொறுப்பை ஏற்றன. ஆண், பெண் வரிசைகள் தனித்தனி. வாளியோடு நுழைபவருக்காக இருபக்கமும் திறக்கும் கதவு. குழந்தைகளுக்குச் சிறு கோப்பை, பற்றிக்கொள்ளக் கைப்பிடி. பழைய கழிப்பிடங்கள் இருந்த காலத்தில் பிள்ளைகள் சாக்கடையோரம் ஒதுங்கியதைப் பழக்கதோஷம் என்றார்கள். பெரியவர்கள் வரிசையில் அவர்களைத் தள்ளிவிட்டதும், இருட்டில் கோப்பைக்குள் விழுந்துவிடும் பயமுமே காரணம். இதைக் காணப் பொறியியல் பட்டம் தேவைப்படவில்லை. கட்டணமும் யோசித்து வைக்கப்பட்டது. தடவைக்கு ஒரு ரூபாய் என்றால் ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 150 ரூபாய். இங்கே குடும்பத்துக்கான மாதப் பாஸ் 20 ரூபாய் அளவில் நின்றது.

குறை, திட்டம் கேள்வியின்றி ஏற்ற அளவுகோலில் தொடங்குகிறது. 50 பேருக்கு ஓர் இருக்கை. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் கடைசி ஆளின் முறை வர நான்கு மணி நேரம். வேலைக்குப் போகிறவர்களின் காலையில் அவ்வளவு நேரம் ஏது? 2014இன் தூய்மை இந்தியா திட்டம் 25 பெண்களுக்கு ஓர் இருக்கை என்றது. அப்போதும் இரண்டு மணி நேரம். பராமரிப்பாளர் குடும்பத்தைக் கட்டடத்திலேயே குடிவைத்தது கூர்மையான யோசனை: எப்போதும் ஆள் இருப்பதால் கட்டடம் பாழாகவில்லை. ஆனால் அந்த அறையைக் காட்டியே கூலி குறைக்கப்பட்டது. பாஸின் மலிவில் ஒரு பங்கு பராமரிப்பாளர் கையிலிருந்து போனது.

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்பு, பல குடும்பங்கள் பகிரும் கழிப்பறையை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அடிப்படை வசதிக்கு ஒரு படி கீழே வைக்கிறது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியாத மொட்டை அளவுகோல் அது. ஆனாலும் நள்ளிரவில் சந்து கடந்து போகவேண்டிய கர்ப்பிணியின் பக்கம் நின்று பார்த்தால் அதை மறுக்க முடியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: பொதுக் கழிப்பிடம் என்ற வகைக்குள் இது முதல் தரம், நகரத்தின் இறுதி விடையாக ஏற்பதற்கில்லை. வீட்டுக்குள் இடமில்லை என்ற வாதத்துக்கு அதே புனேயில் ஷெல்டர் அசோசியேட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் பதில் சொல்லிவிட்டது. கழிவுநீர்க் குழாய் எட்டிய சந்துகளில் பொருள்களை அது கொடுத்தது, கட்டும் கூலியைக் குடும்பங்கள் ஏற்றன, அந்தச் சின்ன வீடுகளுக்குள்ளேயே கழிப்பறை எழுந்தது.